டியூராமேக்ஸ் டீசல் பம்ப்: உடைவதற்கு முன்பே மாற்ற வேண்டுமா?

கேட்டவர் டெக்ஸாஸில் இருக்கிறார். 2014-ஆம் ஆண்டு செவர்லே சில்வராடோ 2500 எச்.டி. டிரக் வைத்திருக்கிறார், 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் டீசல் இன்ஜின், 1,30,000 மைல் ஓடியது. இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. கோடையில் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு கொலராடோ மலைப் பக்கம் போகத் திட்டமிட்டிருக்கிறார். "இந்த இன்ஜினின் உயர் அழுத்த பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் உடையும் என்கிறார்கள். அதற்கு முன்பே புது பம்ப் ஒன்றைப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்துவிடும் அல்லவா?" என்பது அவருடைய கேள்வி.

மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கழற்றிய அதே ரக பம்பைப் புதிதாக வாங்கி மாட்டாதீர்கள். அப்படிச் செய்தால் பணம் போகும், ஆபத்து அப்படியே இருக்கும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த பம்பின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2011 முதல் 2016 வரை வந்த டியூராமேக்ஸுக்கு எல்.எம்.எல். என்று பெயர். அதில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் சிபி4.2 பம்ப், சுருக்கமாக சிபி4. இரண்டே பிஸ்டன்கள். நடுவில் சுழலும் தண்டில் இரண்டு மேடுகள் கொண்ட கேம். அதன் மேல் உருளும் ஒரு சிறு ரோலர். ரோலரைத் தாங்கியபடி மேலும் கீழும் போகும் டேப்பெட். டேப்பெட்டுக்கு மேலே பிஸ்டன். இந்தச் சிறிய அமைப்பு டீசலை 2,000 பார் வரை, அதாவது ஏறத்தாழ 29,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது.

ரோலர் கேமின் மேல் நேராக நிற்கும் வரை எல்லாம் நன்றாக ஓடும். சிக்கல் என்னவென்றால், டேப்பெட் தன் துளைக்குள் திரும்பாமல் இருக்க உறுதியான பிடிமானம் எதுவும் அதற்குள் இல்லை. டீசலோடு காற்று கலந்து வந்தாலோ, டீசல் வரத்து ஒரு நொடி குறைந்தாலோ, டேப்பெட் கேமை விட்டு லேசாக எழும்பித் திரும்பிவிட வாய்ப்பு இருக்கிறது. திரும்பியபின் ரோலர் உருளாது. குறுக்காகக் கிடந்து தேயும். எஃகு எஃகைச் சுரண்டும், டேப்பெட் அலுமினியத் துளையைச் சுரண்டும். பம்பை உயவூட்டுவதும் அதன் வழியாக ஓடும் அதே டீசல்தான், தனியாக எண்ணெய் கிடையாது. ஆகவே உள்ளே பிறந்த உலோகத் தூள் டீசலோடு கலந்து, உயர் அழுத்த டீசலைத் தேக்கிவைக்கும் 'ரெயில்' என்ற குழாய்க்கும், அங்கிருந்து சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் எட்டு இன்ஜெக்டருக்கும் போகிறது. மீதி, திரும்பு குழாய் வழியாக டேங்குக்குப் போகிறது. சில மைக்ரான் இடைவெளியில் வேலை செய்யும் இன்ஜெக்டர்கள் அந்தத் தூளைத் தாங்காது.

பம்ப் ஒன்றுதான் உடைந்தது என்றாலும் பில்லில் பம்ப், இரண்டு ரெயில், எட்டு இன்ஜெக்டர், உயர் அழுத்தக் குழாய்கள், டேங்கைக் கழற்றிக் கழுவும் கூலி எல்லாம் ஏறுவது இதனால்தான். ஏறத்தாழ 8,000 முதல் 12,000 டாலர் வரை ஆகும். வண்டியின் மதிப்பில் பெரும்பங்கு போய்விடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேய்ந்து தேய்ந்து ஆயுள் முடியும் பொருளாக இருந்தால், குறிப்பிட்ட மைலில் புதிது போடுவது நல்ல ஏற்பாடு. தண்ணீர் பம்ப், பெல்ட் போன்றவற்றுக்கு அது பொருந்தும். சிபி4 அப்படி உடைவதில்லை. 2 லட்சம் மைல் தாண்டி ஓடும் பம்பும் உண்டு, 30,000 மைலில் நொறுங்கியதும் உண்டு. ரோலர் திரும்பும் அந்த ஒரு கணம் எந்த மைலில் வரும் என்று சொல்ல முடியாது. புது பம்பிலும் அதே டேப்பெட், அதே துளை. சொல்லப்போனால் 1,30,000 மைல் ஒழுங்காக ஓடிய பம்பைக் கழற்றிவிட்டு, மாட்டும்போது காற்று புகும் வாய்ப்புள்ள புதிய சிபி4-ஐப் போடுவது சில சமயம் ஆபத்தைக் கூட்டும் செயல்.

தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்பதும் பார்க்கத்தக்கது. ராம் டிரக்குகளின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் 2018 வரை பாஷின் முந்தைய ரகமான சிபி3 பம்ப் இருந்தது. 2019-இல் சிபி4-க்கு மாறினார்கள். 2021 மாடலில் மறுபடி சிபி3-க்கே திரும்பினார்கள். 2021 இறுதியில் 2019, 2020 மாடல் டிரக்குகள் 2,20,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்து, சிபி4-ஐ எடுத்துவிட்டு சிபி3-ஐப் போட்டுக்கொடுத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் 2017-இல் வந்த அடுத்த டியூராமேக்ஸில் டென்சோவின் எச்பி4 பம்புக்குப் போய்விட்டது. எல்.எம்.எல். உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் டெக்ஸாஸ் உட்பட 7 மாநிலங்களுக்கு 5 கோடி டாலர் சமரசத் தொகை பேசி முடிக்கப்பட்டது. அதற்குக் காலக்கெடுவும் நிபந்தனைகளும் இருந்தன. அந்தப் பணத்தை நம்பி உங்கள் திட்டத்தைப் போட வேண்டாம்.

எதை மாட்டுவது என்று பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பம்ப் ஏற்கெனவே தேய ஆரம்பித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் புது பம்ப் மாட்டுபவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். கணினியில் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள்: இன்ஜின் கேட்கும் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் மேட்டில் பாரம் இழுக்கும்போதும் ஒட்டிப் போக வேண்டும். அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0087 கோளாறு எண் நினைவகத்தில் எப்போதாவது பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அழுத்தம் சரியாக இருப்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. சிபி4 நொறுங்கும் நாள் காலை வரைகூட அழுத்தம் சரியாகவே காட்டலாம்.

கண்ணால் பார்ப்பதே உறுதி. டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதன் வெளிக்கூட்டை வெட்டி, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பிய தூள் மறுபடி உறிஞ்சப்பட்டு இந்தக் காகிதத்தில்தான் சிக்கும். அடுத்து, பம்பின் மேல் திருகியிருக்கும் அளவீட்டு வால்வைக் கழற்றி அதன் நுண்வலையைப் பாருங்கள். எல்.எம்.எல்.-இல் பம்ப் இன்ஜினின் இரு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவே பள்ளத்தில் இருப்பதால் இதற்குக் கை நுழைப்பது கஷ்டம். ஆனால் பம்பையே மாற்றப்போகிறீர்கள் என்றால் மேலே உள்ளவற்றை எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள், அப்போது முதல் வேலையாக இதைச் செய்யச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் துடைத்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல வலையில் சுத்தமான டீசல் மட்டும் இருக்கும். கெட்டதில் வெள்ளி மை போல மினுக்கும் சாம்பல் நிறப் படலம் துணியில் ஒட்டும். காந்தத்தை வைத்துப் பார்த்து 'ஒன்றும் ஒட்டவில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரோலரும் கேமும் எஃகு, அவை ஒட்டும், பம்பின் உடல் அலுமினியம், அது ஒட்டாது.

மினுமினுப்பு இருந்தால் வண்டியை அங்கிருந்து ஓட்ட வேண்டாம். அந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றினால், ரெயிலில் தங்கிய தூள் இன்ஜெக்டர்களைத் தொடர்ந்து தின்னும். இன்ஜெக்டரைக் கழுவித் தருகிறோம் என்று சொல்லும் இடங்களை நம்பாதீர்கள். உயர் அழுத்தப் பகுதி முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். மினுமினுப்பு இல்லை என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் இனிச் சொல்லும் மாற்றத்தைச் சுத்தமான அமைப்பில் செய்யும்போது அதன் செலவு மட்டுமே உங்களுடையது. உடைந்தபின் செய்தால் அந்தப் பெரிய பில்லின் மேல் இதுவும் சேரும்.

நான் பரிந்துரைப்பது சிபி3 மாற்றம். 2001 முதல் 2010 வரை வந்த டியூராமேக்ஸ்கள் எல்லாம் இந்த பம்பில்தான் ஓடின. 2003 முதல் கம்மின்ஸிலும் இதுதான். இரும்பு வார்ப்பு உடல், மூன்று பிஸ்டன். இதன் தண்டின் மேல் தட்டை முகங்கள் கொண்ட வளையம் ஒன்று இருக்கிறது; அந்தத் தட்டை முகம் டேப்பெட்டின் தட்டை அடியைத் தள்ளுகிறது. ரோலரே கிடையாது. டேப்பெட் திரும்பினாலும் தட்டை தட்டையின் மேல்தான் கிடக்கும், கெடுதல் இல்லை. இதுவும் ஒரு நாள் தேயும்தான். ஆனால் தேயும்போது ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், மேட்டில் இழுவை குறையும், பி0087 வரும். பெரும்பாலும் அமைப்பு முழுவதையும் தூளால் நிரப்பாமல் வீடு வந்து சேரும் அவகாசத்தைத் தரும். எனக்கு இந்தப் பண்பு பம்பின் ஆயுளைவிடப் பெரிதாகப் படுகிறது.

இந்த மாற்றத்துக்கான பாகங்களை ஒரு தொகுப்பாக, 'கிட்' என்று விற்கிறார்கள். அதை வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, இன்ஜின் கணினியின் நிரலை மாற்ற வேண்டுமா? சில கிட்டுகளுக்கு வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம், வேண்டாதவற்றையே வாங்குங்கள். இரண்டாவது, எல்.எம்.எல்.-இல் புகைபோக்கிப் பகுதியில் ஒன்பதாவது இன்ஜெக்டர் ஒன்று இருக்கிறது. புகை வடிகட்டியைச் சூடாக்கிச் சுத்தப்படுத்த அதுதான் டீசல் தெளிக்கிறது. அதற்கான இணைப்பு கிட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, கிட் சட்டப்படி சாலையில் ஓடத் தகுந்ததா? புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்கிவிட்டு நிரலை மாற்றித் தரும் கடைகள் நிறைய உண்டு. அது கூட்டாட்சிச் சட்டத்துக்கு எதிரானது. கலிஃபோர்னியாவிலும் செல்லும்படி அனுமதி எண் பெற்ற கிட்டுகள் கிடைக்கின்றன, அவற்றைத் தேடி வாங்குங்கள். பாகமும் கூலியுமாக ஏறத்தாழ 4,000 முதல் 5,000 டாலர் ஆகும்.

அவ்வளவு செலவு செய்ய மனமில்லை, ஓரிரு ஆண்டில் வண்டியை விற்றுவிடுவேன் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சிபி4-ஐ அப்படியே விட்டுவிட்டு, பம்பின் கேம் அறை வழியாக ஓடிய டீசல் பிஸ்டனுக்குள் போகாதபடி திருப்பிவிடும் தடுப்பு கிட். கேம் அறையின் டீசல் டேங்குக்குத் திரும்பும். பிஸ்டனுக்கு ஃபில்டரிலிருந்து நேராக வந்த டீசல் போகும். சில நூறு டாலரில் முடிகிற வேலை. பம்ப் உடைவதை இது தடுக்காது. உடைந்தால் ரெயிலையும் இன்ஜெக்டரையும் பெரும்பாலும் காப்பாற்றும். அதே சிபி4.2-உடன் ஓடும் ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களில் பலர் இந்த வழியையே எடுக்கிறார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் பம்புக்கு வந்து சேரும் டீசலைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை. உங்கள் டிரக்கின் டேங்கில் மின்சார பம்ப் கிடையாது. இன்ஜின் பக்கத்திலிருந்துதான் டீசல் உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாது. காற்றுதான் உள்ளே போகும். இரவு நிறுத்திவைத்துக் காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்கினாலோ, ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பு அழுத்தும்போது தளர்வாக இருந்தாலோ காற்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் தலை, ரப்பர் குழாய் மூட்டுகள், தண்ணீர் உணரியின் வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். சிபி3 போடும்போதே, டேங்குப் பக்கம் ஒரு மின்சார லிஃப்ட் பம்பையும் அதனுடன் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் சேர்த்துவிடுங்கள். 8 முதல் 10 பி.எஸ்.ஐ. போதும். உறிஞ்சப்பட்டு வந்துகொண்டிருந்த டீசல் தள்ளப்பட்டு வரும். காற்றுத் தொல்லை போய்விடும்.

டீசல் டிரக்குகளின் வரலாற்றில் இது பழைய பாடம். 1998-க்கும் 2002-க்கும் இடையில் வந்த டாட்ஜ் ராம் டிரக்குகளில், 5.9 லிட்டர் கம்மின்ஸில், விபி44 என்ற பம்ப் இருந்தது. அதைக் குளிர்வித்ததும் உயவூட்டியதும் டீசல்தான். அதற்கு முன்னால் இருந்த சிறிய லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் செத்துப்போகும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். சில வாரத்தில் விலை உயர்ந்த விபி44-உம் போய்விடும். டீசல் அழுத்தம் காட்டும் மானி ஒன்றை ஓட்டுநர் முன்னால் பொருத்தியவர்கள் பலர் தங்கள் பம்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நீங்களும் லிஃப்ட் பம்ப் போடுவதானால் அந்த மானியைச் சேர்த்தே போடுங்கள்.

டீசலின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 முதல் அமெரிக்காவில் கந்தகம் 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) மேல் இல்லாத டீசல் வந்தது. கந்தகத்தை நீக்கும் முறையிலேயே டீசலின் இயற்கையான வழுவழுப்பும் போய்விடுகிறது; அதைச் சேர்மங்கள் மூலம் திரும்பக் கொடுக்கிறார்கள். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஒரு சோதனையால் அளக்கிறார்கள்: 60 டிகிரி சூட்டில் டீசலில் மூழ்கிய எஃகுத் தட்டின் மேல் எஃகுக் குண்டு ஒன்றை 75 நிமிடம் தேய்த்து, குண்டில் விழும் தழும்பின் அளவைப் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் அது 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி975 தரம் 520 வரை அனுமதிக்கிறது. பம்ப் தயாரிப்பாளர்கள் கேட்பது 460. இந்த இடைவெளியை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். நல்ல வழுவழுப்புச் சேர்மம் ஒன்றை ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் ஊற்றுங்கள், அல்லது 2 முதல் 5 சதவீதம் பயோடீசல் கலந்த டீசலைப் போடுங்கள். அந்தச் சிறு கலப்பே வழுவழுப்பை நன்றாக உயர்த்திவிடும். மலையேற்றத்தில் டேங்கைக் கால் பங்குக்குக் கீழே இறக்காதீர்கள். இன்ஜினிலிருந்து திரும்பும் டீசல் சூடானது. டேங்கில் கொஞ்சமாக இருந்தால் மொத்தமும் சூடேறி இளகி, உயவு குறையும். லாரிகள் அதிகம் வந்துபோகும் டீசல் நிலையங்களில் டீசல் தேங்கி நிற்பதில்லை, அங்கேயே போடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் தவறி பெட்ரோலோ புகைக் கட்டுப்பாட்டுக்கான யூரியா திரவமோ போய்விட்டால் சாவியைத் திருப்பவே கூடாது.

மாற்றும் வேலை ஒரு முழு நாளுக்குக் குறையாது. அதில் இரண்டு இடங்கள்தான் வேலையின் தலையெழுத்தை முடிவு செய்கின்றன. ஒன்று தூய்மை: பள்ளத்தில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த மண்ணைக் கழுவி, இடத்தைக் காயவைத்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும், கழற்றிய ஒவ்வொரு வாயையும் உடனே மூட வேண்டும். இரண்டு, முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் நிரப்புவது. காய்ந்த பம்பைச் சுற்றினால் சில நிமிடத்தில் அதைக் கெடுத்துவிடலாம். லிஃப்ட் பம்பை ஓடவிட்டோ கைப்பம்பு அடித்தோ, காற்றுத் திருகு வழியாகக் குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை பொறுக்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த ஃபில்டருக்குள் டப்பாவிலிருந்து டீசலை ஊற்றி மாட்டுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள், அந்த டீசலின் அழுக்கு ஃபில்டரின் சுத்தமான பக்கமே போய்ச் சேரும். பழைய டீசல் இன்ஜின்களில் செய்தது போல, இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்திக் காற்றெடுக்கும் வேலையை யாரும் செய்யக் கூடாது. 2,000 பாரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய காயம் அது.

பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக வேலையை முடித்துவிடுங்கள். முதலில் டிரெய்லர் இல்லாமல் ஓட்டுங்கள், பிறகு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பாரத்தோடு ஓட்டுங்கள். சுமார் 500 மைல் ஆனதும் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள், காகிதம் சுத்தமாக இருந்தால் புது ஃபில்டர் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். பாரம் இழுக்கும் வண்டி என்பதால் அதன்பின் 10,000 மைலுக்கு ஒரு முறை ஃபில்டரை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பழையதை வெட்டிப் பார்த்துவிட்டே எறியுங்கள். உதிரி ஃபில்டர் ஒன்றும் அதைக் கழற்றும் சாவியும் வண்டியிலேயே இருக்கட்டும்.